பள்ளி வெகுமதி நோட்டு அச்சடித்துத் தரும் சேவை: எதை வாங்கலாம், எதை மாற்றிக் கேட்கலாம்

வெகுமதி நோட்டு என்பது நல்ல செயலுக்குப் பாராட்டாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற, பள்ளியின் வெகுமதிக் கடையில் மட்டும் செல்லும் பணநோட்டு மாதிரியான தாள். பள்ளிக்கென்று சொந்தமாக அதை வடிவமைத்து அச்சடித்துத் தருகிற ஒரு சேவையிடம் எங்கள் பள்ளிக்காக ஆர்டர் கொடுத்தோம். மாணவர்களுக்கு ஒரு வகை நோட்டு, ஆசிரியர்களுக்கு வேறு வகை, வெகுமதிக் கடைக்கு விலைப்பட்டியல் சுவரொட்டி, நோட்டு வைத்துக்கொள்ளச் சின்ன உறை, கொடுப்பவர் கையில் வைத்துக்கொள்ள ஒரு கிழிப்புப் புத்தகம் என்று எல்லாம் சேர்ந்த தொகுப்பு. சேவையின் பெயரை எழுதவில்லை. இந்த வேலை செய்கிற மற்ற இடங்களின் மாதிரிகளையும் பார்த்தேன், தொகுப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, குறையும் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதனால் யாரிடம் வாங்கினாலும் இது உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் நோட்டு நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம், ஆனால் எண்ணிக்கையை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். கிழிப்புப் புத்தகம் அருமை, தொகுப்பில் உள்ள மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் காசுக்கு மதிப்பு. ஆசிரியர் தொகுப்பை மட்டும் அவர்கள் விற்கிற வடிவத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். பள்ளியின் பெயர், சின்னம், நிறம், குறிக்கோள் வாசகம், நோட்டுக்கு வைக்கப் போகிற பெயர் (எங்கள் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு 'முத்து' என்று வைத்தார்கள்), நோட்டில் போட வேண்டிய படம். அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை நோட்டு வெளியே போகும், யார் கொடுப்பார்கள், எதற்காகக் கொடுப்பார்கள், பிள்ளை அதை வைத்து என்ன வாங்கும், பருவம் முடிந்தால் மிச்சம் என்ன ஆகும், இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வெகுமதிப் பணத்தை வடிவமைப்பது என்றால் எனக்கு இந்தக் கேள்விகள்தான் வடிவமைப்பு, படமும் நிறமும் அப்புறம் வருகிற வேலை. இந்தச் சேவை படத்தையும் நிறத்தையும் மிக நன்றாகச் செய்கிறது, மீதியை நம்மிடம் விட்டுவிடுகிறது, அப்படி விடுவதை வெளிப்படையாகச் சொல்லவும் இல்லை. படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்த மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து.

சரி, நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நோட்டின் தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ஏ4 தாளில் 10 நோட்டு வருகிற அளவு, சுமார் 95 மில்லிமீட்டருக்கு 52, சின்னப் பிள்ளையின் கைக்குச் சரியாக அடங்குகிறது, சட்டைப்பையில் மடிக்காமல் போகிறது. பின்னணியில் மெல்லிய வளைகோடுகள் பின்னிப் பின்னி வருகிற அந்த வேலைப்பாடு, உண்மையான நோட்டில் இருக்குமே, அதை நன்றாகச் செய்திருக்கிறார்கள், கோடுகள் எங்கேயும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளவில்லை. நாட்டின் நோட்டைப் போல இருக்கக் கூடாது, தலைவர்கள் படமோ அரசுச் சின்னமோ வேண்டாம் என்று அவர்களே முதலில் சொன்னார்கள், அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்தது. பிள்ளைகள் வரைந்த படங்களிலிருந்து எடுத்துப் போட்டுத் தந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வரைந்த ஆமை இப்போது எங்கள் 5 முத்து நோட்டில் இருக்கிறது, அந்தக் குழந்தையின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் ஆமையின் ஓட்டு விளிம்பில் ஓடுகிறது, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டித் தேடிப் படிக்கிறார்கள்.

எல்லா மதிப்புக்கும் ஒரே அளவு, நிறம் மட்டும் வேறு என்பது அவர்களுடைய வழக்கம். இதை மாற்றச் சொல்லுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள், பார்வை குறைந்த பிள்ளையும் இருக்கலாம். பல நாடுகளின் நோட்டுகள் மதிப்புக்குத் தக்கபடி அளவில் வேறுபடுவது இதற்காகவும்தான். நாங்கள் அளவை மாற்றாமல் மூலையை மட்டும் வெட்டச் சொன்னோம்: 1 முத்துவுக்கு நான்கு மூலையும் முழுசு, 5 முத்துவுக்கு ஒரு மூலை வெட்டு, 20 முத்துவுக்கு இரண்டு மூலை. டை கட்டிங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள், கொடுக்கலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட உறைக்குள் கையை விட்டுத் தடவியே சரியான நோட்டை எடுக்கிறது.

மதிப்புகளில் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகவில்லை. தொகுப்பில் 1, 2, 5, 10, 50, 100 என்று ஆறு நோட்டு வருகிறது. வரிசையாக அடுக்கினால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் 100 என்று ஒரு நோட்டு பெட்டியில் இருந்தால் என்றைக்காவது ஒரு ஆசிரியர் உற்சாகத்தில் அதை எடுத்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார், அந்த நிமிஷமே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை காலையில் சம்பாதித்த 1 நோட்டு செல்லாக்காசாகிவிடும். 1, 5, 20 போதும் என்று முடிவெடுத்தோம். அதிலும் ஆசிரியர் கையிலிருந்து பிள்ளைக்குப் போவது எப்போதும் 1 முத்து மட்டும்தான். 5 முத்துவும் 20 முத்துவும் கடைப் பலகையில் மாற்றிக்கொள்ள மட்டும். ஐந்து ஒன்றைக் கொண்டுவந்து ஒரு ஐந்தை வாங்கிக்கொண்டு போவது, நான்கு ஐந்தைக் கொடுத்து ஒரு இருபது வாங்குவது, இது சின்ன வகுப்புகளில் தனியாக ஒரு கணக்குப் பாடமாகவே ஆகிவிட்டது.

அடுத்து எண்ணிக்கை. இந்த இடத்தில்தான் சேவையின் குறை பெரிது. அவர்கள் ஒவ்வொரு மதிப்பிலும் ஒரே எண்ணிக்கை தருகிறார்கள், ஆயிரம் என்றால் எல்லாவற்றிலும் ஆயிரம். எந்தப் பள்ளியிலும் அது பொருந்தாது, பெரிய நோட்டு பெட்டியிலேயே கிடக்கும், 1 நோட்டு தீர்ந்துபோகும். இப்படிப் போட்டுப் பாருங்கள். 600 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு வாரம் சராசரியாக 4 முத்து, 12 வாரப் பருவம் என்றால் 28,800 ஒற்றை முத்து வேண்டும், ஏனென்றால் ஒற்றை முத்துவில் பிள்ளையின் பெயரை எழுதிவிடுகிறோம், கடைக்குத் திரும்பியதும் அது கிழிக்கப்படும், மறுபடி வெளியே போகாது. 5 முத்துவும் 20 முத்துவும் சுற்றிச் சுற்றி வருபவை. ஒரு பிள்ளை சராசரியாக மூன்று வாரச் சம்பாத்தியத்தைக் கையில் வைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரே நேரத்தில் 7,200 முத்து வெளியே இருக்கும், அதில் பாதி பெரிய நோட்டாக இருந்தால் 400 ஐந்தும் 80 இருபதும் போதும். தொலைவதற்கும் கிழிவதற்கும் சேர்த்து 600 ஐந்து, 150 இருபது. அதற்கு மேல் அச்சடிப்பது வீண். ஒற்றை முத்துவைச் சாதாரண எழுதுதாளில் அச்சடித்தாலே போதும் என்பதால் மொத்தச் செலவு அவர்களுடைய தயார்த் தொகுப்பை விடக் கூடவில்லை.

பெயரை எழுதுவது எதற்கு என்று கேட்பீர்கள். பெயர் இல்லாத நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்களுடையது. பெரிய வகுப்புப் பிள்ளை சின்னப் பிள்ளையிடம் மிரட்டி வாங்கலாம், விளையாட்டில் பந்தயம் வைக்கலாம், பையிலிருந்து எடுக்கலாம். நல்லதைப் பாராட்டக் கொண்டுவந்த ஒரு விஷயமே சின்னப் பிள்ளைக்குப் பயமாக மாறுவதை எந்தக் காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. அதனால் ஒற்றை முத்துவில் பேனாவால் பெயர், ஐந்திலும் இருபதிலும் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டத்தில் பென்சிலால் பெயர், நோட்டு கடைக்குத் திரும்பியதும் அழித்துவிட்டு மறுபடி புழக்கத்துக்கு விடலாம்.

இதில்தான் முதல் அச்சில் ஒரு சிக்கல் வந்தது. ஐந்துக்கும் இருபதுக்கும் இரண்டு பக்கமும் பளபள லேமினேஷன் போட்டு அனுப்பிவிட்டார்கள். பின்பக்கம் பெயர்க் கட்டம் அச்சாகியிருக்கிறது, ஆனால் அதில் பென்சில் பிடிக்கவில்லை, பால்பாயிண்ட் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது, ஜெல் பேனாவால் எழுதினால் விரல் பட்டதும் இழுவிக்கொள்கிறது. எழுதுவதற்கென்றே ஒரு கட்டம் போட்ட பிறகு அந்தப் பக்கத்துக்கு லேமினேஷன் போடக் கூடாது என்று புரூஃப் பார்க்கிற யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். சொன்னவுடன் விவாதம் எதுவும் இல்லாமல் மறுபடி அச்சடித்துத் தந்தார்கள், முன்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன், பின்பக்கம் வெறும் தாள், 250 ஜிஎஸ்எம் கனம். இது ஜம்மென்று இருக்கிறது, பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது, தாள் நையவில்லை. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. இதற்கு முழு மதிப்பெண்.

கள்ள நோட்டு பற்றி எல்லாப் பள்ளியும் கவலைப்படுகிறது. பல நாடுகளின் உண்மையான நோட்டுகளில் யூரியான் என்று அழைக்கப்படுகிற ஐந்து சின்ன வட்டங்களின் கூட்டம் ஒன்று உண்டு, மார்கஸ் கூன் என்ற கணினி ஆய்வாளர் 2002-இல் கவனித்துச் சொன்ன பிறகுதான் அது வெளியே பரவலாகத் தெரிந்தது, பல வண்ண நகல் இயந்திரங்கள் அதைக் கண்டால் நகல் எடுக்க மறுக்கும். பள்ளி நோட்டுக்கு அந்த வழிக்கெல்லாம் போக வேண்டாம். இந்தச் சேவை பொன்னிற ஃபாயில் பட்டை ஒன்றும் வரிசை எண்ணும் தருகிறது. ஃபாயில் நகல் இயந்திரத்தில் போனால் மினுக்கம் போய்க் கறுத்துவிடும், ஐந்துக்கும் இருபதுக்கும் அதுவே போதும். ஒற்றை முத்துவுக்கு வரிசை எண்தான் காவல், நோட்டைக் கிழித்த பிறகு கிழிப்புப் புத்தகத்தில் தங்குகிற அடிக்கட்டையிலும் அதே எண் இருக்கும், சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துவிடலாம்.

அந்த அடிக்கட்டைக்கு வருகிறேன். கிழிப்புப் புத்தகம் பழைய ரசீதுப் புத்தகம் மாதிரிதான், இடது பக்கம் அடிக்கட்டை, நடுவில் துளைக்கோடு, வலது பக்கம் நோட்டு. அவர்கள் 100 தாள் கொண்ட புத்தகமாகத் தருகிறார்கள், 80 தாளாகக் கட்டச் சொன்னோம். 30 ஆசிரியர்கள், ஆளுக்கு வாரம் ஒரு புத்தகம், 80 தாள் என்றால் வாரம் 2,400 முத்து, மேலே போட்ட கணக்கும் அதேதான். புத்தகம் தீர்ந்தால் அந்த வாரம் முடிந்தது, மிச்சம் இருந்தால் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இப்படி ஒரு வரம்பு இல்லாவிட்டால் கைதாராளமான ஒரு ஆசிரியர் மொத்தப் பள்ளியின் விலைவாசியையும் ஏற்றிவிடுவார், கறாரான ஆசிரியரின் வகுப்பு கடையில் ஒன்றும் வாங்க முடியாமல் நிற்கும், இரண்டுமே பிள்ளையின் குற்றம் இல்லை.

அடிக்கட்டையில் ஆசிரியர் எழுத வேண்டியது பிள்ளையின் பெயர் மட்டும், காரணத்துக்கு நான்கு கட்டம் அச்சாகியிருக்கிறது, டிக் போட்டால் போதும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கிழித்துக் கொடுத்துவிடலாம். உடனே கொடுப்பது முக்கியம். நல்ல செயலுக்கு டோக்கன் கொடுத்து, பிறகு அதை வேண்டியதற்கு மாற்றிக்கொள்ள விடுகிற முறையை 1960-களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் முறைப்படுத்திய டியோடோரோ ஐலன், நேத்தன் ஆஸ்ரின் இருவரும் பிடித்துக்கொண்ட விஷயமே அதுதான்: எந்தச் செயலுக்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தவுடன் கைக்கு வர வேண்டும், அதை வைத்து உண்மையிலேயே விரும்புகிற ஒன்றைப் பெற முடிய வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக அறிவிக்கிற பரிசுக்கு இந்த வலு இல்லை.

வார இறுதியில் அடிக்கட்டைகளை மேசையில் பரப்பி வகுப்புவாரியாகப் பிரித்துப் பார்க்கிறோம். இந்தத் தொகுப்பால் எங்கள் பள்ளிக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான், சேவை இதை விளம்பரத்தில்கூடச் சொல்வதில்லை. யார் பெயர் நிறைய வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், முன்வரிசைப் பிள்ளைகளும், ரொம்பக் குறும்பு செய்து ஒருநாள் அடங்கி உட்கார்ந்ததற்காக வாங்கிய பிள்ளைகளும். யார் பெயர் வரவே இல்லை என்பது அடிக்கட்டை இல்லாமல் தெரியாது. அமைதியாக, ஒழுங்காக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை வாரக்கணக்கில் ஒரு முத்துகூட வாங்காமல் இருந்திருக்கும், ஆறு ஆசிரியர்கள் தினமும் அந்த வகுப்புக்குப் போய் வந்திருப்பார்கள், யாருக்கும் உறைத்திருக்காது. பெயர் வராத பிள்ளைகளின் பட்டியலை அடுத்த வாரம் அந்த வகுப்பு ஆசிரியர்களுக்குக் கொடுக்கிறோம். சும்மா கொடுங்கள் என்று சொல்வதில்லை, அந்தப் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம், பார்த்தால் கொடுக்கக் காரணம் நிச்சயம் கிடைக்கும்.

எதற்குக் கொடுப்பது என்பதில் சேவை தருகிற தயார்க் காரணங்களை அப்படியே போடாதீர்கள். 'முதல் மதிப்பெண்', 'முழு வருகை', 'வகுப்பில் சிறந்தவர்' என்று வருகிறது. மதிப்பெண் பிள்ளையின் கையில் முழுதாக இருப்பதில்லை, வருகை பல வீடுகளில் பெற்றோரின் கையில் இருக்கிறது. ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்க நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிஜப் பணமே கொடுத்துச் சோதித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்ததில் பலன் தெரியவில்லை, டல்லஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்து முடிக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் 2 டாலர் கொடுத்தபோது, ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கூடியது, ஸ்பானிஷில் எழுதியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பிள்ளை இன்றைக்கே செய்யக்கூடிய காரியத்துக்குக் கொடுங்கள் என்பதுதான் இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது. எங்கள் நான்கு கட்டங்கள்: தெரியவில்லை என்று கேட்டது, இன்னொருவருக்கு உதவியது, விட்டுவிடாமல் மறுபடி முயன்றது, சொல்லாமலே பொறுப்பை எடுத்துக்கொண்டது.

பிள்ளை ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்கு நோட்டு கொடுக்காதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும்: வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் பிறகு தாங்களாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படிக் குறையவில்லை. அதனால் எங்கள் பள்ளியில் ஓவிய வகுப்புக்கும் விளையாட்டுக்கும் நூலகத்தில் தானாக வந்து உட்காரும் நேரத்துக்கும் முத்து கிடையாது, 'இதைச் செய்தால் முத்து' என்று முன்னால் பேரம் பேசுவதும் கிடையாது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதும் கிடையாது. தவறு செய்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது, நேற்று செய்த நல்லதை இன்றைய தவறுக்காக அழிக்க முடியாது.

கடைச் சுவரொட்டி சுமார்தான். பொம்மை, பென்சில், ஸ்டிக்கர் என்று பொருள்களாக நிரப்பியிருக்கிறார்கள், விலை எல்லாம் நடுவாந்தரத்தில் குவிந்து கிடக்கிறது. வெற்றுச் சுவரொட்டியாகக் கேளுங்கள், தருகிறார்கள். 2 முத்துவுக்கு ஒன்று இருக்க வேண்டும், புதிதாக ஆரம்பிக்கிற பிள்ளை முதல் வாரத்திலேயே ஏதாவது வாங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் அதிகம் விற்பது பொருளே இல்லை: ஒரு நாள் நண்பன் பக்கத்தில் உட்காருவது 3 முத்து, ஆசிரியர் நாற்காலியில் ஒரு பாடவேளை 8, ஒன்றாம் வகுப்புக்குப் போய்க் கதை படித்துக் காட்டுவது 10. வீட்டுப்பாட விலக்கு மட்டும் வைக்கவில்லை, அதை விற்றால் வீட்டுப்பாடம் ஒரு தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நோட்டில் 'இந்தப் பருவம் வரை செல்லும்' என்று அச்சடித்துத் தருவார்கள், வேண்டும் என்று சொல்லுங்கள். காலாவதி இல்லாத நோட்டைச் சில பிள்ளைகள் சேர்த்துக்கொண்டே போவார்கள், ஒருநாள் மொத்தமாகக் கொண்டுவந்து கடையைக் காலி செய்வார்கள். 1932-இல் ஆஸ்திரியாவின் வெர்கல் என்ற சிற்றூர் தன் உள்ளூர் நோட்டில் மாதாமாதம் அதன் மதிப்பில் 1 சதவீத விலையுள்ள முத்திரை வில்லையை வாங்கி ஒட்டினால்தான் செல்லும் என்று வைத்தது, வைத்திருந்தால் இழப்பு என்பதால் நோட்டு வேகமாகக் கைமாறியது. பிள்ளைகளிடம் அத்தனை கடுமை வேண்டாம். பருவக் கடைசியில் மிஞ்சுவது வகுப்புப் பொது உண்டியலுக்குப் போகட்டும், 300 முத்து சேர்ந்தால் வகுப்பு முழுவதற்கும் ஒரு மதியம் வெளியில் பாடம். சேர்த்து வைத்த பிள்ளையின் முத்துவும் வீணாகாது.

ஆசிரியர் தொகுப்புக்கு வருகிறேன். நோட்டு தடிமனான தாளில், பார்க்கவே கௌரவமாக இருக்கிறது. கூட வருகிற திட்டம்தான் மோசம். தலைமை ஆசிரியர் மட்டும் கொடுப்பார், வருகைக்கும் பாடத்திட்டம் முடித்ததற்கும் தேர்ச்சி விகிதத்துக்கும் கொடுப்பார், ஆசிரியர் அறையில் ஒட்ட ஒரு தரவரிசைச் சுவரொட்டியும் தருகிறார்கள். பன்னிரண்டு வருஷம் பாடம் எடுத்த ஒருவரை இன்னொருவர் பெயருக்குக் கீழே வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினால் அவருக்கு ஊக்கம் வராது, மனவருத்தம்தான் வரும். தேர்ச்சி விகிதத்துக்கு நோட்டு என்றால் கஷ்டப்படுகிற பிள்ளைகள் நிறைந்த வகுப்பை யார் விரும்பி எடுப்பார்கள்? அந்தச் சுவரொட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு முறையை மாற்றினோம். ஒவ்வொரு ஆசிரியருக்கும், அலுவலக ஊழியருக்கும், தலைமை ஆசிரியருக்கும் மாதம் 4 நன்றிச் சீட்டு, இன்னொருவருக்குக் கொடுப்பதற்காக மட்டும். எதற்காக என்று ஒரு வரி எழுத வேண்டும். 'என் வகுப்புப் பிள்ளை அழுதபோது நீங்கள் உட்கார்ந்து பேசினீர்கள்' என்று கணக்கு ஆசிரியருக்கு ஒரு சீட்டு வந்தது, அவர் அதைத் தன் பாடக்குறிப்பேட்டுக்குள் வைத்திருக்கிறார், செலவழிக்க மாட்டேன் என்கிறார்.

செலவழிப்பதும் முக்கியம். ஆசிரியருக்கு இல்லாத ஒரே பொருள் நேரம், அதனால் சீட்டு நேரத்தை வாங்கும்: 2 சீட்டுக்கு ஒரு மைதானக் கண்காணிப்பு, 3 சீட்டுக்கு ஒரு பாடவேளை. அந்த வேலையை ஏற்றுச் செய்பவருக்கு அந்தச் சீட்டு போகும். இங்கே ஒரு எச்சரிக்கை. வாஷிங்டனின் கேபிடல் ஹில் பகுதியில் சுமார் 150 தம்பதிகள் ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்ளச் சீட்டு முறை ஒன்று நடத்தினார்கள், அதில் இருந்த ஜோன் ஸ்வீனி, ரிச்சர்ட் ஸ்வீனி தம்பதி 1977-இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். சீட்டு குறைவாக இருந்தபோது எல்லாரும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சேர்த்து வைத்தார்கள், யாரும் வெளியே போகவில்லை, அதனால் யாருக்கும் சம்பாதிக்க வாய்ப்பும் இல்லை. அப்புறம் அதிகமாக வெளியிட்டார்கள், எல்லாரும் வெளியே போக விரும்பினார்கள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. ஆசிரியர் அறையிலும் இதே நடக்கும். ஆரம்பத்திலேயே ஆளுக்கு 3 சீட்டு செலவுக்கென்று கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். மாதாமாதம் புதுச் சீட்டு உள்ளே வருவதால் வெளியேறவும் வழி வேண்டும்: தலைமை ஆசிரியரும் துணைத் தலைமை ஆசிரியரும் சில பாடவேளைகளைத் தாங்களே ஏற்கட்டும், அவர்கள் கைக்கு வருகிற சீட்டு கிழிக்கப்படட்டும். விடுப்பை மட்டும் சீட்டுக்கு விற்கக் கூடாது, அது ஆசிரியரின் உரிமை.

மாணவர் முத்துவையும் ஆசிரியர் சீட்டையும் ஒன்றாக்கலாம், செலவு மிச்சம் என்று சேவை ஒரு யோசனை சொல்கிறது. வேண்டாம். பிள்ளை ஆசிரியருக்கு நோட்டு கொடுக்கிற நிலை வந்தால் ஆசிரியரின் தீர்ப்பில் சந்தேகம் வந்துவிடும்.

செயலியில் புள்ளி போடுகிற முறையும் அவர்களிடம் உண்டு, கூடுதல் கட்டணம். பெரிய வகுப்புகளுக்கு அது பரவாயில்லை, பதினைந்து வயதுப் பிள்ளை ஆமை நோட்டை வெளியே எடுக்கக் கூச்சப்படுகிறது. சின்ன வகுப்புக்குக் காகிதமே சரி, கையில் எண்ணிப் பார்க்கிற நோட்டு திரையில் ஏறுகிற எண்ணை விட அவர்களுக்குப் புரிகிறது.

மறு ஆர்டருக்கு முன் இரண்டு விஷயம். நோட்டில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தை அச்சடிக்க வேண்டாம், அவர் மாறினால் மொத்தமும் மாற்ற வேண்டும், பள்ளி முத்திரை போதும். அப்புறம், வடிவமைப்பின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் பிடிஎஃப் மட்டும்தான் தானாக அனுப்புகிறார்கள், மூலக் கோப்பு கேட்டால் தயங்குகிறார்கள், ஒப்பந்தத்தில் முன்பே எழுதச் சொல்லியிருந்தால் கொடுத்துவிடுகிறார்கள். அது கையில் இருந்தால் அடுத்த பருவத்துக்கு ஆமைக்குப் பதிலாக இன்னொரு பிள்ளை வரைந்ததைப் போட்டு, ஒற்றை முத்துவை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம், ஃபாயில் வேலைக்கு மட்டும் இவர்களிடம் வந்தால் போதும்.